விலங்குக் காப்பகத்துக்குப் புதிதாக வருகிறீர்களா? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் காப்பகத்தின் கேட்டைத் தட்டுகிறவர்களில் பாதிப்பேர் கையில் பிஸ்கட் பாக்கெட் இருக்கும். மீதிப்பேர் கையில் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் கண் திறந்து சில நாளே ஆன குட்டிகள். "தெருவுல விட மனசு வரல, இங்க இருந்தா நல்லா இருக்கும்" என்று சொல்லிப் பெட்டியை இறக்கி வைப்பார்கள். இரண்டு பேருமே நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் குட்டிக்கு ஊரிலேயே ஆபத்தான இடங்களில் ஒன்று காப்பகம். பல தெருக்களிலிருந்து வந்த நோயாளி விலங்குகள் ஒரே கூரையின் கீழ் இருக்கிற இடம் அது. தடுப்பூசி போடாத குட்டியை பார்வோ என்கிற வைரஸ் நோய் ஒரே வாரத்தில் கொண்டுபோய்விடும்.

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். மாதவரம் தாண்டி இருக்கும் ஒரு சிறிய காப்பகத்துக்குச் சில வருடங்களாகப் போய்வருகிறேன். அங்கே நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான்: உள்ளே வருகிற விலங்கின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், வெளியே நல்ல வீட்டுக்குப் போகிற எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். காப்பகத்துக்கு உண்மையில் உதவுகிற எல்லா வேலையும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். புதிதாக வருபவர்களுக்கு இதை எப்படித் தொடங்குவது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

போவதற்கு முன்பு, ஊசி

முதல் வேலை உங்கள் உடம்புக்கு. நாய், பூனையைக் கையாளப் போகிறவர்கள் கடிபடுவதற்கு முன்பே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். முதல் நாள், 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள் என்று மூன்று ஊசி. டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். முன்பே போட்டவர்களுக்குக் கடிபட்ட பிறகு இரண்டு ஊசி போதும். காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. போடாதவர்களுக்கு ஊசியும் அதிகம், அலைச்சலும் அதிகம்.

கடியோ நகக்கீறலோ பட்டால், ஊசி போட்டிருந்தாலும் சரி, போடாவிட்டாலும் சரி, குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக்கூடாது. அப்புறம் நேராக அரசு மருத்துவமனை. ராயபுரம், வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு ஸ்டான்லி பக்கம்தான். குட்டிதானே, பல் லேசாகத்தானே பட்டது என்று யாரும் விட்டுவிடாதீர்கள். வெறிநோயின் அறிகுறி தெரிந்த பிறகு மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். எங்கள் காப்பகத்தில் ஊசி அட்டையைக் காட்டாத யாரையும் கூண்டுப் பக்கம் விடுவதில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த விதி அது.

முதல் மாதம்: கூட்டுவது, துவைப்பது, சோறு வடிப்பது

நாயைக் கொஞ்சலாம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு முதல் நாள் கையில் துடைப்பம் கொடுத்தால் முகம் வாடும். ஆனால் ஒரு காப்பகத்தின் நாள் கழிவதே சுத்தம் செய்வதில்தான். கூண்டைக் கழுவ வேண்டும், காய வைக்க வேண்டும், பழைய துணியை மாற்ற வேண்டும், அண்டாவில் சோறு வைக்க வேண்டும். இதில் இரண்டு மணி நேரம் நீங்கள் எடுத்துக்கொண்டால், காயத்துக்கு மருந்து போடத் தெரிந்தவருக்கு அந்த இரண்டு மணி நேரம் மிச்சமாகிறது.

சுத்தத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண பினாயிலுக்கு அடங்காது. முதலில் சோப்புத் தண்ணீரில் அழுக்கு போகக் கழுவிவிட்டு, அப்புறம் திரவ பிளீச்சை ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். பூனை இருக்கும் அறையில் பினாயில் வேண்டவே வேண்டாம். தரையில் நடந்த காலை நக்கும் பூனைக்கு அது விஷம். வேலை வரிசையும் முக்கியம். முதலில் குட்டிகள், அடுத்து நன்றாக இருக்கிற பெரிய நாய்கள், கடைசியில்தான் நோயாளிகள். நோயாளிக் கூண்டுக்குப் போன செருப்போடு குட்டிகள் பக்கம் திரும்பி வரக்கூடாது.

கொண்டுபோவதற்குப் பிஸ்கட்டைவிட நல்ல பொருள்கள் நிறைய உண்டு. பழைய பெட்ஷீட், லுங்கி, துண்டு, செய்தித்தாள், அரிசிச் சாக்கு, ரேஷன் அரிசி, மஞ்சள்தூள், பஞ்சு, காஸ் துணி, கையுறை, 5 மில்லி சிரிஞ்சு. கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய பிரியாணியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். வெங்காயம் நாய்க்கும் பூனைக்கும் ரத்தத்தைக் கெடுக்கும், வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும். கோழிக்கடையில் கழித்துப்போடும் தலையும் ஈரலும் வாங்கிவந்து, மஞ்சள் போட்டு வேகவைத்து, எலும்பை எல்லாம் எடுத்துவிட்டு, உப்பில்லாமல் சோற்றில் பிசைந்தால் அதுதான் விருந்து. வாரத்தில் ஒரு நாள், அதே நாள், அதே நேரம் வருகிறேன் என்று சொல்லி வாருங்கள். மாதத்தில் ஒரு முறை பத்துப் பேரோடு வருகிறவரைவிட, புதன்கிழமை தோறும் தனியாக வருகிறவரை நம்பித்தான் எங்களால் வேலையைப் பிரிக்க முடியும்.

தெருவில் அடிபட்டுக் கிடக்கும்போது

மணலி சாலையிலும் எண்ணூர் விரைவுச்சாலையிலும் கன்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் ஓடுகின்றன. அடிபட்ட நாயைப் படம் எடுத்து நாலு வாட்ஸ்அப் குழுவில் "யாராவது உடனே காப்பாற்றுங்கள்" என்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது நம் ஊரில் பெரிய வழக்கமாகிவிட்டது. காப்பகத்திலிருந்து ஆள் வந்து சேரும்போது அந்த நாய் அங்கே இருக்காது. வலியில் ஊர்ந்து ஏதாவது லாரிக்கு அடியில் போய்ப் படுத்திருக்கும். அதனால் நீங்கள் அங்கேயே நில்லுங்கள். உங்களால் முடியாவிட்டால் பக்கத்து டீக்கடைக்காரரிடமாவது சொல்லி ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காப்பகத்துக்கு அனுப்பும் தகவலில் நான்கு விஷயம் இருக்கட்டும்: கூகுள் மேப் இடம், பக்கத்தில் உள்ள கடை அல்லது பஸ் ஸ்டாப்பின் பெயர், எழுந்து நடக்கிறதா இல்லையா, நீங்கள் எவ்வளவு நேரம் அங்கே இருப்பீர்கள்.

தூக்க வேண்டி வந்தால் இப்படிச் செய்யுங்கள். நேர் எதிரே போய்க் கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் மெதுவாகப் போங்கள், பேசிக்கொண்டே போங்கள். வலியில் இருக்கிற நாய், தினம் சோறு போடுகிற கையையும் கடிக்கும். அதில் அதன் தப்பு ஒன்றும் இல்லை. துப்பட்டாவைக் கிழித்து மூக்கின் மேல் ஒரு சுற்று, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் இன்னொரு முடிச்சு என்று வாயைக் கட்டலாம். ஆனால் வாந்தி எடுக்கிற, மூச்சுத் திணறுகிற நாய்க்கு வாயைக் கட்டக்கூடாது. இடுப்பு அடிபட்டிருந்தால் கையில் வாரி எடுக்காதீர்கள். பலகையோ தடித்த அட்டையோ பக்கத்தில் வைத்து உடம்பை அப்படியே அதன்மேல் இழுத்து, ஆடாமல் தூக்குங்கள். பலகை கிடைக்காவிட்டால் பெட்ஷீட்டின் நான்கு முனையை இரண்டு பேர் இறுக்கிப் பிடித்தாலும் போதும். மயங்கிக் கிடக்கிற நாயின் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும். பூனையாக இருந்தால் மேலே ஒரு துண்டைப் போட்டு, துண்டோடு சேர்த்துச் சுருட்டிப் பெட்டியில் வையுங்கள்.

ஆட்டோதான் அடுத்த பிரச்சினை. நிறைய ஓட்டுநர்கள் மறுப்பது கல்நெஞ்சத்தால் இல்லை. ரத்தமும் நாற்றமும் ஏறிவிட்டால் அன்றைக்கு அடுத்த சவாரி ஏறாது. "அண்ணே, பிளாஸ்டிக் விரிச்சுத்தான் வைப்பேன், மேல காசு தர்றேன், இறங்கும்போது நானே துடைச்சுக் குடுத்துடுறேன்" என்று சொன்னால் மூன்றில் ஒருவராவது வருவார். என் பையில் எப்போதும் ஒரு தார்ப்பாய்த் துண்டு மடித்து வைத்திருக்கிறேன். வடசென்னையில் பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1903இல் தொடங்கிய கல்லூரி அது. எலும்பு முறிவு, எக்ஸ்ரே, அறுவை எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கலாம். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். அவசரமாக இருந்தால் பக்கத்தில் எந்த மருத்துவர் இருக்கிறாரோ அவரிடம் முதலில் போங்கள்.

தெருவில் நீங்கள் அதிகம் பார்க்கப் போவது புழுப் புண். போன மழைக்காலத்தில் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு செம்பட்டை நாய் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே நடந்தது. கிட்டே போகும் முன்பே நாற்றம் வந்தது. காதுக்குப் பின்னால் ஐந்து ரூபாய் நாணயம் அளவு ஒரு துளை. டார்ச் அடித்ததும் உள்ளே அரிசி கொதிப்பது போல அசைந்தது. மருத்துவர் மருந்து விட்டுச் சற்று நேரம் பொறுத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டார். முக்கால் மணி நேரம் ஆனது. நாய் முதலில் உறுமியது. பாதி வேலையில் உறுமலை நிறுத்திவிட்டு, தாடையை என் முழங்காலில் வைத்துத் தூங்கிப்போனது. எத்தனை நாள் தூங்காமல் இருந்ததோ. அந்த நாயைக் காப்பகத்துக்கு நாங்கள் கொண்டுபோகவே இல்லை. அதே தெருவில் பூ விற்கிற அக்கா நான்கு நாள் சோற்றில் மாத்திரை வைத்துக் கொடுத்தார்கள், காலையும் மாலையும் புண்ணுக்கு ஸ்ப்ரே அடித்தார்கள், முடிந்தது. புழுப் புண்ணை ஆரம்பத்திலேயே பார்த்தால் இவ்வளவுதான் வேலை. மண்ணெண்ணெயோ பினாயிலோ மட்டும் ஊற்றிவிடாதீர்கள், சதை வெந்துபோகும்.

இன்னொரு எச்சரிக்கை: நம் வீட்டு மாத்திரை எதையும் விலங்குக்குக் கொடுக்க வேண்டாம். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

பிடித்த இடத்திலேயே விடுவது

"குணமாயிடுச்சுல்ல, இங்கயே வச்சுக்கோங்களேன்" என்று நிறையப் பேர் கேட்பார்கள். தெருவில் பிறந்து வளர்ந்த பெரிய நாய்க்கு அந்தத் தெருதான் வீடு. எந்தத் திண்ணையில் படுக்கலாம், எந்த வீட்டில் மீன் கழுவுகிற தண்ணீரோடு தலை வந்து விழும் என்று அதற்குத் தெரியும். காப்பகத்தின் இடத்தை நடக்க முடியாதவை, கண் தெரியாதவை, வயதானவை, தெருவில் பிழைக்கத் தெரியாமல் யாரோ விட்டுவிட்டுப் போன ஜாதி நாய்கள் ஆகியவற்றுக்காக வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அதே இடத்தில் விடுவது என்கிற முறைக்குச் சென்னைதான் முன்னோடி. புளூ கிராஸ் என்கிற விலங்கு நல அமைப்பு 1964இல் இங்கே தொடங்கிய வேலை அது. மாநகராட்சி 1996இல் அதைக் கையில் எடுத்தது. இந்த முறை 2001இல் மத்திய அரசின் விதியானது, 2023இல் புதிய விதிகள் வந்தன. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டவரும் நம் ஊரில் வாழ்ந்த நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல்தான். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவிலிருந்து வந்தது அந்தச் சட்டம். தெருவில் யாராவது "நாயை அடிச்சா என்ன கேஸா?" என்று கேட்டால், ஆமாம், அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இருக்கிறது என்று பொறுமையாகச் சொல்லலாம்.

2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவிலும் கருத்தடையும் ஊசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்தில் விட வேண்டும் என்றே இருக்கிறது. வெறிநோய் உள்ளவை, ஆக்ரோஷமாக நடந்துகொள்பவை மட்டும் விலக்கு. உணவு போடுவது அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும்தான். பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்த நாயை அங்கே திரும்ப விடக்கூடாது என்று அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு உத்தரவு வந்தது. ஆகவே ஒரு நாயைப் பற்றிப் பேசும்போது அது எங்கே வாழ்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்ய மாநகராட்சியின் 1913 எண்ணில் பதிவு செய்யலாம். நம் பக்கத்துக்குப் புளியந்தோப்பில் மையம் இருக்கிறது. வண்டி வருகிற நாளில் நீங்களும் நில்லுங்கள். ஒவ்வொரு நாயையும் முன்பே படம் எடுத்து, இடத்தைக் குறித்து, புகார் எண்ணோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் அதே நாய் அதே தெருவுக்குத் திரும்பி வந்ததா என்று பார்க்க முடியும். காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு இருந்தால் அந்த நாய்க்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது. பால் கொடுக்கிற தாயை இப்போது அனுப்ப வேண்டாம் என்று வண்டிக்காரர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். குட்டிகள் தின்னத் தொடங்கிய பிறகு அனுப்பலாம். ஒரு தெருவில் பத்துப் பெண் நாய்க்கு இது நடந்துவிட்டால், அடுத்த ஆண்டு அந்தத் தெருவிலிருந்து எங்கள் கேட்டுக்கு அட்டைப்பெட்டி வராது. புதிதாக வருகிற ஒருவர் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

தெரு நாய்களுக்குச் சோறு வைப்பவர்கள் சண்டைக்கு இடம் கொடுக்காதீர்கள். படிக்கட்டு, வாசல், பிள்ளைகள் விளையாடும் இடம் ஆகியவற்றை விட்டுத் தள்ளி, அதற்கென்று ஒதுக்கிய இடத்தில், ஒரே நேரத்தில் வைத்து, மிச்சத்தை நீங்களே அள்ளிவிடுங்கள். தண்ணீர்ச் சட்டியைத் தினம் கவிழ்த்துத் தேய்த்து ஊற்றுங்கள். கொசு வந்தால் டெங்கு என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது நியாயம்தான்.

வீட்டில் வைத்து வளர்த்துத் தருவது

ஃபாஸ்டர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். குட்டிக்கு வீடு கிடைக்கும் வரை, அல்லது காயம் ஆறும் வரை, சில வாரம் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது. அட்டைப்பெட்டிக் குட்டிகள் பிழைப்பதும் போவதும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. பெரிய வீடு தேவையில்லை. காலடிப்பேட்டையில் ஒரே அறை, ஒரு குளியலறை உள்ள வீட்டில் மூன்று பூனைக்குட்டிகளை வளர்த்துக் கொடுத்த கல்லூரிப் பெண் எங்களோடு இருக்கிறாள்.

முதலில், குட்டியைத் தூக்கும் முன்பு தாய் எங்கே என்று பாருங்கள். தாய்ப்பூனை இரை தேடப் போயிருக்கலாம். ஆபத்தான இடமாக இல்லாவிட்டால் சில மணி நேரம் தள்ளி நின்று கவனியுங்கள். தாயோடு எட்டு வாரம் இருந்த குட்டி உடம்பிலும் குணத்திலும் தனி.

தாய் இல்லை என்று உறுதியானால், உணவுக்கு முன் சூடு. குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் புகட்டினால் செரிக்காது, செத்துப்போகும். பெப்சி பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் வையுங்கள்; சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துபோக மறு ஓரம் காலியாக இருக்கட்டும். பசும்பாலும் பாக்கெட் பாலும் பேதியைக் கொண்டுவரும். குட்டிகளுக்கென்று விற்கும் பால்பவுடரை மருத்துவரிடமே கேட்டு வாங்குங்கள். குழந்தையைப் போல மல்லாக்கப் போட்டுப் புகட்டவே கூடாது. குப்புற, வயிறு தரையில் பட, தலை லேசாகத் தூக்கியபடி. இரண்டு வாரத்துக்கு உட்பட்ட பூனைக்குட்டிக்கு இரண்டு, மூன்று மணிக்கு ஒரு தடவை, இரவிலும். ஒவ்வொரு தடவையும் ஈரப் பஞ்சால் பின்பக்கத்தை லேசாக வருடினால்தான் சிறுநீர் போகும். அந்த வயதில் தானாகப் போகத் தெரியாது, தாய் நக்கி விடுவதைத்தான் நாம் பஞ்சால் செய்கிறோம். தினமும் சமையலறைத் தராசில் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எடை ஏறவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவர்.

நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, அப்புறம் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. இது முடியும் வரை தெருத் தரையில் விடாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் புதிய குட்டி இரண்டு வாரம் தனி அறையில் இருக்கட்டும். குட்டி திடீரென்று சோர்ந்து, வாந்தி எடுத்து, ரத்தப் பேதி போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். என் முதல் ஃபாஸ்டர் குட்டியை நான் அப்படித்தான் இழந்தேன். இரவு பதினொரு மணிக்கு வாந்தி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். ஏழு மணிக்கு ஆட்டோவில் போகும்போது அது என் மடியிலேயே அடங்கிவிட்டது. மணி என்று பெயர் வைத்திருந்தேன்.

தத்து கொடுப்பது

ஒரு விலங்குக்கு வீடு கிடைப்பது முதலில் அதன் படத்தில் தொடங்குகிறது. கூண்டுக் கம்பிக்குப் பின்னால் மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து யாரும் கூப்பிடுவதில்லை. காலை வெளிச்சத்தில் வெளியே கொண்டுவந்து, ஃபோனைத் தரையோடு வைத்து, அதன் கண் மட்டத்தில் எடுங்கள். கறுப்பு நாய்க்கு வெளிர் சுவரோ மஞ்சள் துண்டோ பின்னால் இருந்தால்தான் முகமே தெரியும். கறுப்பு நாய்களுக்குத்தான் எங்களிடம் வீடு கிடைக்கத் தாமதமாகிறது, அதனால் அவற்றின் படத்துக்குக் கூடுதலாக மெனக்கெடுங்கள்.

எழுதும்போது உருக்கமான கதை வேண்டாம். "பெண், ஒன்றரை வயது, கருத்தடை முடிந்தது, எல்லா ஊசியும் போட்டாச்சு. பிள்ளைகளோடு நன்றாக இருக்கும். பூனையைக் கண்டால் துரத்தும். தனியாக நான்கு மணி நேரம் இருக்கும், இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போகும்." இப்படி எழுதினால் வருகிற அழைப்புகள் குறைவாக இருக்கும், ஆனால் வருகிறவர்கள் சரியான ஆட்களாக இருப்பார்கள். இரக்கப்பட்டு எடுத்துப்போகிறவர்கள் அந்த இரக்கம் தீர்ந்ததும் திருப்பிக் கொண்டுவருவதை நிறையப் பார்த்துவிட்டோம்.

கேட்டு வருகிறவர்களின் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். போலீஸ்காரர் மாதிரி போகக்கூடாது, தேநீர் குடிக்கப் போகிற மாதிரி போக வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டுக்குப் போனபோது, பையனும் அவன் அம்மாவும் ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஆயா மட்டும், "எல்லாம் சரி கண்ணு, ராத்திரி குலைச்சா பக்கத்து வூட்ல சண்டைக்கு வருவாங்களே, அப்ப நானா பதில் சொல்லுவேன்?" என்று கேட்டார். அந்த வீட்டில் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அது. பகலெல்லாம் நாயோடு இருக்கப் போவது ஆயாதான். அன்றைக்கு நாயைக் கொடுக்கவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறு ஆயாவைக் காப்பகத்துக்கு வரச் சொன்னோம். மூன்றாவது வாரம் அவரே எங்களைக் கூப்பிட்டு, அந்தக் காது மடங்கிய நாயைக் கேட்டார்.

வீட்டில் நான் பார்ப்பது இவை: வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டாரா. மாடிக் கைப்பிடிச் சுவர் நாயின் முதுகைவிட உயரமா. பூனை என்றால் ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை உண்டா. மூன்றாவது மாடியிலிருந்து புறாவைப் பார்த்துப் பாய்ந்த பூனைகளை வேப்பேரியில் பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடப் போகிறார்களா. "காவலுக்கு வேணும்" என்று கம்பெனி, குடோனுக்குக் கேட்பவர்களிடம் நான் கொடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேட் பூட்டியிருக்கும்.

கொடுக்கும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். அதில் மூன்று வரி கட்டாயம் இருக்கட்டும். கருத்தடை எந்த மாதம் செய்ய வேண்டும். வைத்துக்கொள்ள முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல், தெருவிலும் விடாமல் நம்மிடமே திருப்பித் தர வேண்டும். அவ்வப்போது வந்து பார்க்க நமக்கு அனுமதி உண்டு. ஊசி அட்டையையும் கையோடு கொடுத்து, மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமம் எடுக்கச் சொல்லுங்கள். இணையதளத்திலேயே எடுக்கலாம், வெறிநோய் ஊசிச் சான்று வேண்டும்.

அப்புறம் விடாமல் பின்தொடர வேண்டும். முதல் மூன்று நாள் பயத்தில் சாப்பிடாது, மூன்று வாரத்தில் வீட்டின் வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில்தான் அது தன் வீடு என்று நினைக்கும் என்பது காப்பகங்களில் சொல்கிற கணக்கு. அந்த மூன்று சமயத்திலும் ஒரு ஃபோன் போடுங்கள். மூன்றாம் நாள் அழைப்பு ரொம்ப முக்கியம். "சாப்பிடவே மாட்டேங்குது, திருப்பிக் கொண்டாந்துடட்டுமா?" என்று கேட்பார்கள். ஒரு ஓரத்தில் துணி விரித்து, தொடாமல், பேசாமல், பக்கத்தில் உட்கார்ந்து டிவி பாருங்கள் என்று சொல்லுங்கள். பாதிக்குமேல் அதிலேயே சரியாகிவிடும்.

பணம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்தக் காப்பகத்துக்கும் பணம் கொடுக்கும் முன் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள், ரசீது வாங்குங்கள். 80ஜி பதிவு உள்ள இடத்துக்குக் கொடுத்தால் பழைய வரிமுறையில் வருமானவரிக் கழிவு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது, அரிசி, மருந்தாகக் கொடுத்தாலும் கிடைக்காது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட உறவினர் அனுப்புவதை வாங்க காப்பகத்துக்கு எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும். ஒரு விலங்கின் சிகிச்சைக்கு என்று தனியாள் கணக்குக்குப் பணம் கேட்கிறவர்களிடம் மருத்துவமனை ரசீதைக் கேளுங்கள், முடிந்தால் மருத்துவமனைக்கே நேராகக் கட்டிவிடுங்கள். பெரிய தொகை ஒரு தடவை கொடுப்பதைவிடச் சின்னத் தொகை மாதா மாதம் வந்தால் அரிசிக்கும் சம்பளத்துக்கும் கணக்குப் போட முடியும்.

வருடத்தில் கை அதிகம் தேவைப்படும் நாட்கள்

தீபாவளிக்கு முந்தின வாரமும் அடுத்த வாரமும் வெடிச் சத்தத்தில் ஓடிவந்த நாய்கள் ஊரெல்லாம் திரியும். அந்தச் சமயத்தில் கழுத்தில் பெல்ட் உள்ள நாயைப் பார்த்தால், பார்த்த இடத்துக்குப் பக்கத்திலேயே அதன் வீடு இருக்கலாம். முதலில் அங்கேயே விசாரியுங்கள்.

மழைக்காலத்தில், முக்கியமாக டிசம்பரில், எங்களுக்குப் படகும் உயரமான இடமும் தேவைப்படும். 2023இல் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுப்பு அப்பி உட்கார்ந்திருந்தன. அப்படிப்பட்ட பறவையைப் பிடித்து சோப்புப் போட்டுக் கழுவ நீங்களே முயல வேண்டாம். காட்டு உயிர்கள் எதுவாக இருந்தாலும், ஆந்தையோ மரநாயோ பாம்போ, வனத்துறைக்குத்தான் தகவல் சொல்ல வேண்டும்.

அடுத்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். துறைமுகத்தில் கழிக்கிற மீனை நம்பி வாழ்கிற பூனைகளுக்கும் நாய்களுக்கும் அதே நாட்களில்தான் பசி, அதோடு கத்திரி வெயிலும். மற்ற மாதங்களில் அந்தப் பூனைகள் கூண்டில் வைத்த கருவாட்டை மோந்துகூடப் பார்க்காது. தடைக்காலத்தில் வேகவைத்த கோழியை வைத்தால் உள்ளே வந்துவிடும். கருத்தடைக்குக் காசிமேட்டுப் பூனைகளைப் பிடிக்க எங்களுக்கு அந்த இரண்டு மாதம்தான் வாய்ப்பு. ஏப்ரல் முதல் வாரத்திலேயே கூண்டுகளை எடுத்துக் கம்பி, கதவு, ஸ்பிரிங் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து எண்ணெய் போடத் தொடங்குவோம். விடிகாலை நான்கரை மணிக்கு வரமுடிகிற, கூண்டுக்குப் பக்கத்தில் ஃபோனை நோண்டாமல் ஒரு மணி நேரம் உட்கார முடிகிற நான்கு பேர் கிடைத்தால் போதும்.